உண்ணிச்செடி யானைகளின் வலசை

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு, நிஜ யானையின் உயரத்துக்கும் பருமனுக்கும் செய்யப்பட்ட சிற்பங்கள் சில ஆண்டுகளாக உலக நகரங்களின் பொது இடங்களில் நின்றுவருகின்றன. 2021 கோடையில் லண்டனின் அரச பூங்காக்களில் நின்றன. 2024 பிப்ரவரியில் பெங்களூரு லால்பாக்கில் நின்றன. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இறங்கி நியூயார்க், மயாமி பீச், ஹூஸ்டன் என்று ஊர் ஊராக நகர்ந்து, 2025 கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போய்ச் சேர்ந்தன. அமெரிக்கப் பயணத்தில் மட்டும் 100 யானைகள். செய்தவர்கள் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 200 பேர். கலைக்கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட பொருள்கள் அல்ல இவை. புல்வெளியிலும் கல்பாவிய சதுக்கத்திலும் கடற்கரை மணலிலும், நடந்து போகிறவர்களின் வழியிலேயே நின்றவை.

நகரத் தெருக்களில் விலங்குச் சிற்பங்களைக் கூட்டமாக நிறுத்தும் வழக்கம் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 1998-ல் பெரிதாகப் பேசப்பட்டது. அச்சில் வார்த்த கண்ணாடியிழை மாடுகளை ஓவியர்களிடம் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லி, கடைவீதிகளில் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே சிகாகோ 300-க்கும் மேற்பட்ட மாடுகளைத் தெருவில் இறக்கியது. கூட்டம் அலைமோதியது. முடிந்த பிறகு மாடுகள் ஏலம் போய், பணம் அறக்கட்டளைகளுக்குச் சேர்ந்தது. வியாபாரிகளுக்கும் மாநகராட்சிக்கும் ஓவியர்களுக்கும் ஒரே நேரத்தில் பிடித்துப்போன ஏற்பாடு என்பதால் உலகம் முழுக்க நகரங்கள் இதைப் பின்பற்றின. யானையை வைத்து இதே பாணியில் 2007-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ‘எலிஃபண்ட் பரேட்’ தொடங்கியது. தாய்லாந்தில் கண்ணிவெடியில் காலை இழந்து, செயற்கைக் கால் பொருத்தப்பட்ட மோஷா என்ற குட்டியானைதான் அதற்குத் தூண்டுதல். 2010-ல் அது லண்டனுக்கு வந்தபோது 250-க்கும் மேற்பட்ட வண்ண யானைகள் வீதிகளில் நின்றன. ஏலத்தில் கிடைத்த பணம் ஆசிய யானைகளின் பாதுகாப்புக்குப் போனது.

இந்த வகைக் கண்காட்சிகள் நிதி திரட்டுவதில் கெட்டி. ஆனால் அவற்றில் விலங்கு என்பது ஓவியம் தீட்டக் கிடைத்த ஒரு பரப்பு மட்டுமே. மாட்டின் இடத்தில் கரடியை வைத்தாலும், யானையின் இடத்தில் காண்டாமிருகத்தை வைத்தாலும் பெரிதாக எதுவும் மாறிவிடாது. நீலகிரி யானைகள் விலகி நிற்பது இந்த இடத்தில்தான். அவற்றுக்கு வண்ணம் இல்லை, அச்சும் இல்லை. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு காட்டு யானையின் உருவப்படம். செய்யப்பட்ட பொருளோ அந்த யானையின் மேய்ச்சலைத் தின்றுகொண்டிருக்கும் செடி. செய்த கை அந்த யானையோடு ஒரே மலையில் வாழ்பவருடையது.

இந்த யானைகளுக்கு லண்டன் வரை வழியைத் திறந்துவிட்டது ‘எலிஃபண்ட் ஃபேமிலி’ என்ற பிரிட்டிஷ் அறக்கட்டளை. பயண எழுத்தாளர் மார்க் ஷாண்ட் அதை 2002-ல் தொடங்கினார். இன்றைய பிரிட்டிஷ் அரசி கமிலாவின் தம்பி அவர். ஒடிசாவில் தாரா என்ற பெண்யானையை விலைக்கு வாங்கி, கொனார்க்கிலிருந்து பீகாரின் சோன்பூர் சந்தை வரை அதன் மேல் ஏறிப் பயணம் செய்து, அந்த அனுபவத்தை 1991-ல் புத்தகமாக வெளியிட்டவர். 2014-ல் நியூயார்க்கில் தவறி விழுந்து இறந்தார். அறக்கட்டளையின் வேலையை முன்னெடுத்த ரூத் கணேஷ், கூடலூரில் யானை ஆராய்ச்சி செய்துவந்த தர்ஷ் தெக்கேக்கராவோடும் ஓவியரும் வடிவமைப்பாளருமான சுப்ரா நாயரோடும் சேர்ந்தபோது உண்ணிச்செடி யானைகளின் திட்டம் உருவானது. கூடலூரில் ‘தி ரியல் எலிஃபண்ட் கலெக்டிவ்’ என்ற பெயரில் பட்டறை தொடங்கியது.

கூடலூர்

யானைகள் பிறந்த ஊரைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கண்காட்சியைப் புரிந்துகொள்ள முடியாது. ஊட்டியிலிருந்து மேற்கே இறங்கினால் வரும் கூடலூர், தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் மூலை. ஒரு பக்கம் முதுமலை, பந்திப்பூர், மறுபக்கம் வயநாடு, தெற்கே நிலம்பூர். ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் தொடர்காடு இதைச் சுற்றித்தான் இருக்கிறது. 1986-ல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரி, 5,520 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. உலகில் மிச்சமிருக்கும் ஆசிய யானைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்தியாவில் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் காடுகளில் மட்டும் 3,000-க்கும் மேல் இருப்பதாக அண்மைக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன.

ஆனால் கூடலூர் வட்டம் முழுக்கக் காடாக இல்லை. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பரம்பரை (ஜன்ம) நிலமாக இருந்த இந்தப் பகுதியில் வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டங்கள் வந்தன. பிறகு கேரளத்திலிருந்து குடியேறிகள் வந்தார்கள். 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னால் ‘டேன்டீ’ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. அதற்காகக் காடு வெட்டப்பட்டது. ஜன்ம நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969-ல் சட்டம் இயற்றப்பட்டும் பட்டா வழக்குகள் பல பத்தாண்டுகள் இழுத்தன. இத்தனை பேருக்கும் முன்னால் இருந்தவர்கள் பெட்டக்குறும்பரும் காட்டுநாயக்கரும் பணியரும். தேன் எடுத்தல், யானை பழக்குதல், காட்டு வேலை ஆகியவற்றில் முதல் இரு சமூகத்தாருக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. பணியர்கள் வயல்களில் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்கள். மூன்று சமூகங்களும் அரசின் பட்டியலில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள்.

இந்த ஊரில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே யானை நிற்பது செய்தி அல்ல. யானை தேயிலையைத் தின்பதில்லை. தோட்டத்து ஓரச் சதுப்பு நிலத்திலும் சோலைத் துண்டுகளிலும் பகலைக் கழித்துவிட்டு, இரவில் பலாவும் வாழையும் தேடி வீடுகளின் பக்கம் வரும். பலாப்பழக் காலத்தில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் கையில் டார்ச்சும் காதில் கவனமுமாகத்தான் நடப்பார்கள். சில யானைகள் முதுமலைக்குள் போவதே அரிது. இந்தத் தோட்டங்களும் சோலைகளுமே அவற்றின் வீடு.

அப்படித் தொடர்ந்து கண்ணில் படும் யானைக்கு ஜனங்கள் பெயர் வைத்துவிடுவது மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் உள்ள பழக்கம். மசினகுடியில் துதிக்கையில் காயத்தோடு திரிந்த யானைக்கு யாரோ பிரேசில் கால்பந்து வீரர் ரிவால்டோவின் பெயரைச் சூட்ட, அது அரசு ஆவணங்கள் வரை நிலைத்துவிட்டது. கோவையில் சின்னத்தம்பி, மூணாறில் படையப்பா, சின்னக்கானலில் அரிசிக்கொம்பன். ரேஷன் அரிசி தேடி வந்த அந்தக் கொம்பனை 2023-ல் பிடித்து இடம் மாற்றியதும், கம்பம் நகருக்குள் அது ஓடியதும், கடைசியில் களக்காடு - முண்டந்துறைக்குக் கொண்டுபோனதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பெயர் வைப்பது பாசத்தால் மட்டும் நடப்பதில்லை. எந்த யானை விலகிப் போகும், எது துரத்தும், எது சமையலறைச் சுவரை உடைக்கும் என்று தெரிந்துவைத்திருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தந்தமில்லாத மக்னா ஒன்றுக்குக் கூடலூரை அடுத்த பந்தலூர்க்காரர்கள் தந்திருந்த கவனத்தில் பாசம் கொஞ்சமும் இல்லை. வீடுகளை உடைத்த அந்த யானை 2022 டிசம்பரில் பிடிக்கப்பட்டு முதுமலையில் விடப்பட்டதும், அடுத்த மாதமே கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகருக்குள் நடந்து போனது.

ஆராய்ச்சியாளர்கள் இதே அடையாளம் காணலை முறைப்படி செய்கிறார்கள். காதின் மேல்விளிம்பு எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, எங்கே கிழிசல் இருக்கிறது, தந்தங்கள் எந்தக் கோணத்தில் வளைகின்றன, முதுகு கூனா நேரா, வாலில் மயிர் எவ்வளவு, நெற்றியிலும் துதிக்கையிலும் நிறம் வெளிறிய திட்டுகள் எங்கே என்று படமெடுத்துக் குறித்துவைப்பார்கள். கூடலூர் யானைகளைப் பற்றிச் சேர்ந்திருந்த இத்தகைய படங்களே சிற்பங்களுக்கு மூலப்படிவம் ஆயின. அதனால்தான் நூறு யானைகளைச் சேர்த்து நிறுத்தினாலும் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை. வயிறு தொங்கிய கிழப் பிடி, நிமிர்ந்த கொம்பன், தாயின் முன்னங்காலுக்குள் ஒதுங்கும் கன்று எல்லாம் தனித்தனி ஆள்களாகத் தெரிகின்றன.

செடி

உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்துத் தாவரம். மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒரே கொத்தில் நிறம் மாறும் அதன் பூவுக்காக ஐரோப்பியத் தோட்டங்கள் அதை வளர்த்தன. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டம் வழியாக இந்தியாவுக்கு வந்தது. வேலிக்கும் அழகுக்கும் என்று கொண்டுவந்த செடி, வேலி தாண்டிக் காட்டுக்குள் போக அதிகக் காலம் எடுக்கவில்லை. கருநீலப் பழங்களைப் பறவைகள் தின்று விதையை எங்கும் போட்டன. இலையில் நச்சு இருப்பதால் மாடும் மானும் தொடுவதில்லை. தவறித் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகும். வெட்டினால் அடியிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். தன்னைச் சுற்றி வேறு செடி முளைக்க விடாத வேதிப்பொருள்களையும் மண்ணில் சேர்க்கும்.

2020-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியக் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் உண்ணிச்செடி பரவியிருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, பிலிகிரிரங்கன் மலை ஆகியவற்றில் மரங்களுக்கு அடியில் புல் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் இந்தப் புதரே நிற்கிறது. புல் போனால் மானும் காட்டெருமையும் யானையும் மேய இடமில்லை. அடர்ந்த புதருக்குள் யானை நிற்பதும் தெரியாது. பத்தடி தூரத்தில் யானையும் மனிதரும் எதிர்ப்பட்டு நேரும் சாவுகளுக்கு இது முக்கியக் காரணம் என்று மலைவாசிகள் சொல்வது வெறும் ஊகமல்ல. பார்வை மறையும் இடங்களில்தான் அந்தச் சந்திப்புகள் நடக்கின்றன.

பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள் இந்தப் பரவலுக்கு வேறொரு காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். வெயில் காலத் தொடக்கத்தில் உதிர்ந்த சருகுக்குச் சிறிதாகத் தீ வைத்து, தரையைச் சுத்தமாக வைத்திருப்பது அவர்கள் வழக்கம். சரணாலயம் வந்தபின் அது தடைசெய்யப்பட்டது. அந்தச் சருகுத் தீ இருந்தவரை உண்ணிச்செடி தலையெடுக்கவில்லை, நின்ற பிறகுதான் காடு புதராயிற்று என்பது அவர்கள் வாதம். பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்து, அந்த வாதத்தில் சாரம் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். காட்டுத் தீ என்றாலே கெடுதல் என்று பழகிய வனத்துறைக்கு இது எளிதில் செரிக்கும் செய்தி அல்ல.

இதே ஏட்ரீ நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே மாதேஸ்வரன் மலைப் பக்கத்தில் உண்ணித் தண்டிலிருந்து நாற்காலி, கூடை, அலமாரி செய்யப் பயிற்சி கொடுத்தது. மூங்கிலும் பிரம்பும் எடுக்கக் கட்டுப்பாடு வந்த நேரம் அது. உண்ணித் தண்டைக் கேட்பாரில்லை, எவ்வளவு வெட்டினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். பிரம்பு போல வளையும், கரையான் எளிதில் அண்டாது, வெயிலும் மழையும் ஓரளவு தாங்கும். அறைகலனுக்குப் பயன்பட்ட இந்தக் குணங்களெல்லாம் பூங்காவில் திறந்தவெளியில் நிற்க வேண்டிய சிற்பத்துக்கும் அப்படியே பொருந்தின.

பட்டறை

வேலை படத்திலிருந்து தொடங்குகிறது. தேர்ந்தெடுத்த யானையின் புகைப்படங்களை வைத்து அளவுப்படம் வரையப்படும். அதன்படி இரும்புக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்து எலும்புக்கூடு போல ஒரு சட்டகம் எழுப்பப்படும். இதற்கிடையே காட்டோரத்திலிருந்து வெட்டி வந்த தண்டுகளைப் பருமன்வாரியாகப் பிரித்து, பெரிய பாத்திரத்தில் நீர்விட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். வெந்த தண்டில் பட்டை இலகுவாக உரியும், பூச்சி சாகும், சூடு இருக்கும்வரை சொன்னபடி வளையும். வளைத்த தண்டைச் சட்டகத்தின் மேல் ஆணி அடித்துப் பொருத்திக்கொண்டே வருவார்கள்.

தண்டுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதில்தான் திறமை தெரியும். வெறுமனே சுற்றினால் கிடைப்பது யானை வடிவக் கூடை. தோளிலிருந்து முன்னங்காலுக்குச் சதை இறங்கும் வாட்டத்தில் தண்டு இறங்க வேண்டும். வயிற்றில் அகன்ற வளைவாகவும், துதிக்கையில் நெருங்கிய வளையங்களாகவும், காதில் நரம்பு பிரிவது போலவும் ஓட வேண்டும். தோலின் சுருக்கம், மூட்டின் மடிப்பு எல்லாம் இந்த ஓட்டத்திலேயே வந்துவிடுகின்றன. ஒரு பெரிய யானைக்கு ஒரு குழு மாதக்கணக்கில் உழைக்கிறது. நடக்கும் யானையை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்களுக்கு எந்தக் கால் முன்னால் இருக்கும்போது எந்தத் தோள் எழும் என்று படம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. சிற்பங்கள் நின்ற இடத்திலும் நடப்பதுபோல் தோன்றுவதற்கு இந்தப் பழக்கமே காரணம். கலைக்கல்லூரியில் படித்த சிற்பி ஒருவர் இதே சட்டகத்தில் வேலை செய்திருந்தால் இன்னும் நேர்த்தியாக வந்திருக்கலாம், இவ்வளவு உயிரோடு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

செய்தவர்களில் பலர் அதற்கு முன் தேயிலைத் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் தினக்கூலிகள். ஊரை விட்டுப் போகாமல் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் வேலை என்பது இந்தப் பகுதியில் சாதாரண விஷயமல்ல. நீலகிரிப் பழங்குடிகள் உலகின் கண்ணில் பட்ட இன்னொரு சந்தர்ப்பம் 2023-ல் வந்தது. தெப்பக்காடு யானை முகாமில் அநாதைக் குட்டிகளை வளர்த்த காட்டுநாயக்கர் தம்பதி பொம்மன், பெள்ளி பற்றிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் ஆஸ்கர் பெற்றது. அந்தப் படத்தில் அவர்கள் பிறர் எடுத்த காட்சிக்குள் வருகிறார்கள். உண்ணிச்செடி யானைகளில் காட்சியைச் செய்பவர்களே அவர்கள்தான்.

லண்டன், லால்பாக்

2021-ல் கொரோனா முடக்கம் தளர்ந்துகொண்டிருந்த நேரத்தில், ‘சேர்ந்து வாழ்தல்’ என்று பொருள்படும் தலைப்போடு நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் லண்டனுக்கு வந்தன. கிரீன் பார்க்கிலும் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கிலும் பெரும் மந்தைகள். இரண்டும் பக்கிங்ஹாம் அரண்மனையை ஒட்டிய பூங்காக்கள். மாதக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்த நகரத்துக்குள் விலங்குகள் நுழைந்துவிட்டதாகத் தோன்றும்படி அவற்றை நிறுத்தியிருந்தார்கள். மந்தையின் தலைவிக்கு மார்க் ஷாண்டின் யானையை நினைவுகூர்ந்து தாரா என்று பெயர். அறக்கட்டளையின் கூட்டுத் தலைவர்களான அப்போதைய இளவரசர் சார்லஸும் கமிலாவும் கண்காட்சிக்குத் துணை நின்றார்கள்.

செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்கு யானை புதிதில்லை என்பது வேடிக்கை. 17-ம் நூற்றாண்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அங்கே ஒட்டகங்களையும் முதலைகளையும் ஒரு யானையையும் வைத்திருந்தார். யானை 1623-ல் ஸ்பெயின் மன்னரிடமிருந்து வந்த பரிசு. குளிர் மாதங்களில் அதற்குத் தினமும் ஒரு கேலன் திராட்சை மது கொடுக்க வேண்டும் என்று குறிப்பு உண்டு. அரசர்கள் ஒருவருக்கொருவர் யானையை அனுப்பிப் பெருமை காட்டிய காலத்தின் பூங்காவில், அரசுப் பட்டா இல்லாத வீட்டில் வாழும் ஒருவர் செய்த யானை வந்து நின்றது.

பெங்களூரு லால்பாக்கில் 2024 பிப்ரவரியில் ஏறக்குறைய 60 யானைகள் நின்றன. 1760-ல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு விரிவாக்கி, பிறகு ஆங்கிலேயரிடம் போன தோட்டம் அது. 1889-ல் கட்டிய கண்ணாடி மாளிகையும், 300 கோடி ஆண்டுப் பழமையானதாகச் சொல்லப்படும் பாறைக் குன்றும், சுதந்திர நாள், குடியரசு நாள் மலர்க்காட்சிகளும் அதன் அடையாளங்கள். வெளிநாட்டுச் செடிகளை வரவழைத்து, வளர்த்து, நாடெங்கும் பரப்புவதையே நூறு ஆண்டுகளுக்கு மேல் வேலையாகச் செய்த இடத்தில், அப்படி வந்து தறிகெட்டுப்போன ஒரு செடியின் தண்டுகள் யானையாக நின்றது பொருத்தமான இடத்தேர்வு. லண்டனில் யானை ஓர் அதிசயம். லால்பாக்கில் பார்த்தவர்களில் பலர், பன்னேர்கட்டா காடு வழியே யானை இறங்கி வரும் செய்தியை அன்றைய காலைப் பத்திரிகையில் படித்திருக்கக்கூடியவர்கள். கன்னடமும் தமிழும் தெலுங்குமாகக் குடும்பங்கள் கூடி நின்று பார்த்ததில் வியப்பைவிடப் பழகிய முகத்தைக் கண்ட பாவனை அதிகம் இருந்திருந்தால் ஆச்சரியமில்லை.

அமெரிக்கா

அமெரிக்கப் பயணம் 2024 ஜூலை 4-ம் தேதி, அந்நாட்டுச் சுதந்திர நாளன்று, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில் தொடங்கியது. ‘மாபெரும் யானை வலசை’ என்பது அதன் தலைப்பு. 19-ம் நூற்றாண்டுக் கோடீஸ்வரர்கள் கடலோரத்தில் கட்டிய மாளிகைகளின் ஊர் நியூபோர்ட். வாண்டர்பில்ட் குடும்பத்தின் ‘பிரேக்கர்ஸ்’ மாளிகையின் பக்கத்திலும், பாறைக் கடற்கரை நடைபாதை ஓரத்திலும், கோடீஸ்வரி டோரிஸ் டியூக் வாழ்ந்த ‘ரஃப் பாயிண்ட்’ வளாகத்திலும் யானைகள் நின்றன. டோரிஸ் டியூக் ஒரு காலத்தில் அந்தப் புல்வெளியில் இரண்டு ஒட்டகங்களை வளர்த்தவர் என்பதால் அந்த வீட்டுக்கும் அதிர்ச்சி குறைவுதான்.

நியூயார்க்கில் செப்டம்பர் முதல் அக்டோபர் வரை யானைகள் நின்ற இடம் மீட்பேக்கிங் வட்டாரம். 1900-வாக்கில் நூற்றுக்கணக்கான கசாப்புக் கூடங்களும் இறைச்சிக் கிடங்குகளும் இயங்கிய பகுதி. இன்று துணிக்கடைகளும் உணவகங்களும் விட்னி அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன. கான்ஸ்வூர்ட் சதுக்கத்தின் கல்பாவிய தரையில் கூட்டமாக நிறுத்தப்பட்ட யானைகளுக்கு நடுவே ஆட்கள் நடந்து வேலைக்குப் போனார்கள், குழந்தைகள் துதிக்கையைத் தடவிப் பார்த்தார்கள். இந்த நகரத்துக்கும் யானைகளோடு ஒரு கணக்கு உண்டு. 1884 மே மாதம், புரூக்ளின் பாலம் பலமானதுதான் என்று காட்ட சர்க்கஸ்காரர் பி.டி. பார்னம் 21 யானைகளை அதன் மேல் நடத்திச் சென்றார். 1903-ல் கோனி ஐலண்டில் டாப்ஸி என்ற யானையை மின்சாரம் பாய்ச்சிக் கொன்று, அதைப் படமும் பிடித்தார்கள். சர்க்கஸில் காட்டு விலங்குகளை நியூயார்க் தடைசெய்தது 2017-ல்தான்.

டிசம்பரில் மயாமி பீச்சின் மணலில், பின்னால் அட்லாண்டிக் கடல் இருக்க, யானைகள் வரிசையாக நின்றன. படங்களில் மிக அதிகமாகச் சுற்றிவந்தது இந்தக் காட்சிதான். உண்ணிச்செடிக்கு இது ஏறக்குறைய சொந்த ஊருக்குத் திரும்பிய பயணம். ஆனால் ஃபுளோரிடாவிலும் அது இப்போது காட்டைக் கெடுக்கும் வேற்றுச் செடிகளின் பட்டியலில் இருக்கிறது, அங்கே இயல்பாக வளரும் அதன் நெருங்கிய உறவுச் செடியோடு கலந்து அதையும் அழித்துவருகிறது. மயாமிக்கு வடக்கே, இந்தச் செடியின் ஆங்கிலப் பெயரான லண்டானா என்றே ஒரு கடலோரச் சிற்றூரும் இருக்கிறது.

அடுத்த ஆண்டு ஹூஸ்டனின் ஹெர்மன் பார்க்கில் நின்ற பிறகு யானைகள் வடக்கே மொன்டானாவுக்குப் போயின. பிளாக்ஃபீட் பழங்குடிகளின் நிலமான பிரவுனிங்கில் அவை நின்றதுதான் முழுப் பயணத்திலும் கனமான நிறுத்தம். அந்தச் சமவெளிகளில் கோடிக்கணக்கில் இருந்த அமெரிக்கக் காட்டெருமைகள் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் சில நூறாகக் கொன்று குறைக்கப்பட, அவற்றை நம்பி வாழ்ந்த மக்களும் அதோடு வீழ்ந்தார்கள். இன்று அந்த மக்களே காட்டெருமை மந்தைகளை மறுபடி வளர்த்துத் தங்கள் மலைகளில் விடுகிறார்கள். ஒரு பெருவிலங்கோடு சேர்ந்து வாழ்வது, அதை இழந்து வாழ்வது இரண்டையும் அறிந்தவர்கள் முன்னால் கூடலூர் யானைகள் நின்றன. அங்கிருந்து வயோமிங்கின் ஜாக்சன், முடிவில் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ்.

விலையும் வரம்பும்

எல்லா யானைகளும் விற்பனைக்கு வைக்கப்பட்டன. அமெரிக்கப் பயணத்தில் கன்றுக்கு 8,000 டாலர், பெரிய கொம்பனுக்கு 22,000 டாலர் என்று விலை வைத்தார்கள். செய்தவர்களின் கூலி போக வரும் பணம், மனித - விலங்கு மோதலைக் குறைக்க வேலை செய்யும் அமைப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும் என்பது ஏற்பாடு. பணக்காரர் வீட்டுப் புல்வெளியில் ஒரு யானை போய் நிற்பதில் கேலி செய்ய இடமிருக்கிறது. ஆனால் அந்தக் காசோலையின் ஒரு பகுதி கூடலூரில் ஒரு குடும்பத்தின் மாத வருமானமாகிறது என்பதால் கேலி நீண்டநேரம் நிற்காது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. கண்காட்சி சொல்லும் செய்தி, மனிதரும் காட்டு விலங்கும் ஒரே நிலத்தில் வாழ முடியும், இந்தியா அதற்குச் சாட்சி என்பது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பேர் யானைகளால் இறக்கிறார்கள். மின்வேலி, ரயில், நஞ்சு, வேட்டை எனப் பல வழிகளில் ஏறக்குறைய 100 யானைகளும் ஆண்டுதோறும் சாகின்றன. கூடலூரிலேயே ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் சாலை மறியல் நடக்கிறது. ஓவேலிப் பகுதியில் பலரைக் கொன்ற ராதாகிருஷ்ணன் என்ற ஆண்யானையை வனத்துறை 2025 செப்டம்பரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து அப்புறப்படுத்தியது. உயிரிழந்தவரின் வீட்டில் சேர்ந்து வாழ்தலைப் பற்றிப் பேச முடியாது. ஆயினும் அத்தனை சாவுக்கும் பிறகு, யானை அங்கே இருக்கவே கூடாது என்று கேட்கிறவர்கள் இந்த மலைகளில் குறைவு. அந்த யானையைப் பிடித்துப் போங்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்க யானைகளைப் போலப் பெரும் பூங்காவின் வேலிக்குள் இந்த யானைகளை ஒதுக்கிவைக்க இங்கே இடமும் இல்லை. கண்காட்சியின் செய்தியை இந்த அளவுக்குச் சுருக்கிப் படித்தால் அது உண்மையோடு ஒத்துப்போகிறது.

செடியின் கணக்கில் சிற்பங்களின் பங்கு மிகச் சிறியது. 1,54,000 சதுர கிலோமீட்டரில் நூறு யானைக்கு வெட்டிய தண்டு ஒரு மூலைக்குக்கூடக் காணாது. உண்ணிச்செடியை ஒழிக்க 1941-லேயே அதன் இலைச்சாற்றை உறிஞ்சும் பூச்சியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள், அது பரவிய பிறகும் செடி தாங்கி நின்றது. தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றித் தாயகச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. முதுமலையில் உண்ணியோடு, அதைவிட வேகமாகப் பரவும் மஞ்சள் பூ மரமான சென்னாவும் வெட்டப்படுகிறது, சென்னா மரங்கள் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கூழாகப் போகின்றன.

வெட்டுவது வேலையின் முதல் பாதி. உண்ணிச்செடியைத் தரைக்கு மேல் அரிந்தால் அடுத்த மழைக்கே இரட்டிப்பாக வரும். தண்டும் வேரும் சேரும் கணுவுக்குக் கீழே மண்வெட்டியால் வெட்டி, புரட்டி, தலைகீழாகக் காயப்போட வேண்டும். பூக்கும் முன் எடுக்க வேண்டும். பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில் முளைக்கும் நாற்றுகளை அடுத்த மூன்று, நான்கு மழைக்காலங்களுக்குத் தேடித் தேடிப் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவாவிட்டால் உண்ணியின் இடத்துக்குக் கம்யூனிஸ்ட் பச்சை, பார்த்தீனியம் போன்ற வேறு களைகள் வந்துவிடும். இதைச் செய்ய ஒவ்வோர் ஆண்டும் அதே காட்டுக்குள் போகத் தெரிந்த ஆட்கள் வேண்டும். புல் திரும்பிய இடங்களில் முதலில் வருவது மான், அப்புறம் காட்டெருமை, யானை.